‘தம் பத்தவில்லை’ என்று எழுதியவர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது மூச்சைப் பற்றியவை மட்டும் தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. முதுகுவலியும் முட்டிவலியும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். தருமபுரியில் 26 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். விடியற்காலையில் மைதானத்தில் நடக்கும்போது ஓடி முடித்த பிள்ளைகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ‘தம் பத்தல’ என்று சொல்வதைக் கேட்காத நாளே கிடையாது. அதனால் இந்தக் கடிதங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். வழக்கம்போல் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: *எனக்கு 22 வயது. காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். முதல் இரண்டு சுற்றை, சுற்றுக்கு 1 நிமிடம் 40 விநாடி என்று சுலபமாக ஓடிவிடுகிறேன். மூன்றாவது சுற்றில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, கால் கல்லாகிவிடுகிறது. மொத்தம் 7 நிமிடம் 20 விநாடி ஆகிறது. பீடி, சிகரெட் எதுவும் இல்லை. நுரையீரல் சின்னதாக இருக்கும், ஸ்கேன் எடு என்கிறார்கள். மார்பளவும் 5 செ.மீ. விரிய வேண்டும். எனக்கு 4 செ.மீ. தான் வருகிறது.*
(பென்னாகரம்)

பதில்: தம்பி, ஸ்கேனுக்கு வைத்திருக்கும் காசில் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றைச் சுற்றுக்கு 100 விநாடியில் ஓடுகிறவருக்கு நுரையீரல் சின்னது என்று நான் நம்ப மாட்டேன்.

நுரையீரலுக்குத் தானாக விரிகிற சக்தி கிடையாது. அதை விரிக்கிற வேலையைச் சுற்றியிருக்கும் தசைகள்தான் செய்கின்றன. அவற்றில் பெரியது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும், காற்று உள்ளே வரும். நீங்கள் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுமார் 1.5 செ.மீ. இறங்கினாலே அதற்குப் போதும். மூச்சை வெளியே விடுவதற்கு அப்போது தசையே வேண்டியதில்லை. விரிந்த நுரையீரல் ரப்பர் மாதிரி தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

ஓட ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் கூண்டையே தூக்குகின்றன. கழுத்துத் தசைகள் மேல் விலாவை இழுக்கின்றன. வயிற்றுத் தசைகள் காற்றை வெளியே தள்ளி, உதரவிதானத்தை மேலே ஏற்றிவிட்டு அடுத்த மூச்சுக்குத் தயார் செய்கின்றன. கொல்லன் பட்டறைத் துருத்தியை இரண்டு பக்கமும் ஆள் நின்று அமுக்குகிற மாதிரி. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்துவிடும் உடம்பு, முழு வேகத்தில் ஓடும்போது 100 லிட்டரைத் தாண்டுகிறது. உங்கள் 7 நிமிடத்தில் ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி கொள்ளாத அளவு காற்று உங்கள் நெஞ்சுக்குள் போய் வருகிறது. அதை இழுத்துத் தள்ளுவது கையும் காலும் போலவே தசைதான். தசை என்றால் அதற்கும் ரத்தம் வேண்டும், அதுவும் களைக்கும்.

உதரவிதானம் களைக்குமா என்பதில் நெடுநாள் சந்தேகம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஓயாமல் வேலை செய்கிற தசை ஆயிற்றே, பத்து நிமிட ஓட்டத்தில் களைக்குமா என்று கேட்டார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் குழு 1993-ல் இதை அளந்து வெளியிட்டது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்து வழியாகத்தான் இறங்கி வருகிறது. கழுத்தில் இரு பக்கமும் அந்த நரம்பைச் சிறு மின்துடிப்பால் தூண்டினால், ஆளின் விருப்பம் இல்லாமலே உதரவிதானம் ஒரு தடவை சுருங்கும். அது எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று உடற்பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தார்கள். தன் உச்சத் திறனில் 85 சதவீதத்துக்கு மேல், இனி முடியாது என்கிற வரை பயிற்சி செய்த ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அழுத்தம் குறைந்திருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மிதமான வேகத்தில் செய்தால் இப்படி ஆவதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை அடுத்து வந்தது. ஓடாமல், உட்கார்ந்த இடத்திலேயே, ஓடும்போது வாங்கிய அதே அளவு மூச்சை அதே நேரத்துக்கு வாங்கச் சொன்னார்கள். உதரவிதானம் களைக்கவில்லை. அப்படியென்றால் வேலை மட்டும் காரணம் கிடையாது. ஓடும்போது கால் தசைகளும் ரத்தம் கேட்கின்றன. இரண்டு பேரும் ஒரே இதயத்திடம் கை நீட்டுவதால் வரும் தட்டுப்பாடு அது.

நம் கிருஷ்ணகிரி அணையை நினைத்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் ஒரு கால்வாய், வலதுபுறம் ஒரு கால்வாய். வருகிற தண்ணீர் ஒரு அளவுதான். ஒரு பக்க மதகைக் கூடுதலாகத் தூக்கினால் மறுபக்கத்து வயலுக்குக் குறையும். உச்ச வேகத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கை மூச்சுத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன. மூச்சுத் தசை களைக்க ஆரம்பித்ததும் அது நரம்பு வழியாக ஒரு தகவலை அனுப்புகிறது. உடனே காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கிக்கொள்கின்றன. கால் நின்றாலும் பரவாயில்லை, மூச்சு நிற்கக் கூடாது என்று உடம்பு எடுக்கிற முடிவு அது. இயந்திரம் வைத்து மூச்சு வேலையைக் குறைத்தபோது காலுக்குப் போகும் ரத்தம் கூடியதையும், மூச்சைக் கடினமாக்கியபோது அது குறைந்ததையும் அதே ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள்.

‘கால் கல்லாகிவிடுகிறது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. காலுக்கு அதன் சொந்தக் களைப்பும் உண்டு. அதோடு மூச்சின் களைப்பும் காலில்தான் வந்து இறங்குகிறது.

சரி, என்ன செய்வது? உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. முதல் 800 மீட்டரை 3 நிமிடம் 20 விநாடியில் முடித்துவிட்டு, மீதி 700 மீட்டருக்கு 4 நிமிடம் எடுக்கிறீர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும். முதல் சுற்றில் 12 விநாடி முந்தி ஓடி, அதற்கு மூன்றாவது சுற்றில் வட்டி கட்டுகிறீர்கள். பக்கத்தில் ஓடுகிறவன் சீறிக்கொண்டு போவான், போகட்டும். சுற்றுக்கு 1 நிமிடம் 48 விநாடி என்று கடைசி வரை ஒரே சீராக ஓடிப் பழகினால் 6 நிமிடம் 45 விநாடியில் முடியும், தேர்வு நாள் பதற்றத்துக்கும் இடம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை இந்த வேகத்தில் நாலைந்து தடவை ஓடுங்கள், நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை. இரண்டு நாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 5 கிலோமீட்டர். ஒரு நாள் முழு ஓய்வு. காலைப் போலவே மூச்சுத் தசையும் இப்படித்தான் பழகும். தேர்வு நாள் காலையில் ‘ஒரு ட்ரையல் பார்க்கலாம்’ என்று முழு வேகத்தில் ஓடிவிடாதீர்கள். உதரவிதானம் தேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று மேலே சொன்னேனே, அதை மறக்க வேண்டாம். லேசாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் போதும்.

மார்பளவு வேறு விஷயம். வயிற்றை முன்னே தள்ளி ஆழமாக மூச்சு இழுக்கிறவருக்கு நல்ல மூச்சு கிடைக்கும், ஆனால் மார்பில் சுற்றிய டேப் நகராது. டேப் அளப்பது விலாக்கூண்டு எவ்வளவு விரிகிறது என்பதை மட்டும்தான். அதனால் முதலில் காற்றை முழுக்க, வயிறு உள்ளே ஒட்டும் வரை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு வயிற்றை இறுக்கியபடியே, விலா பக்கவாட்டில் விரிகிற மாதிரி இழுங்கள். தினமும் காலை மாலை பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். கையை மேலே தூக்கிப் பக்கவாட்டில் வளைகிற பயிற்சியும் சேர்ந்தால் விலாவின் இறுக்கம் தளரும். உங்களுக்கு வேண்டியது 1 செ.மீ. தான்.

கேள்வி: *என் மகள் பத்தாம் வகுப்பு. 800 மீட்டர் ஓடுகிறாள். ஓடி முடித்ததும் மூச்சு வரவில்லை என்று புல்லில் படுத்துவிடுகிறாள். சாதாரண நாட்களில் எந்த நோயும் இல்லை. பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் எதற்கு, தம் கிடையாது என்று சொல்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?*
(அரூர்)

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா.

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். 1984-ல் நானும் பத்தாம் வகுப்பு, நானும் 800 மீட்டர். இதே வார்த்தைகளை எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பி நிறுத்திவிட்டேன். 19 வயதில் கல்லூரியில் ரத்தம் எடுத்தபோதுதான் ஹீமோகுளோபின் 8.4 என்று தெரிந்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.4. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இல்லாமலே ஒரு பிள்ளை அத்தனை நாள் ஓடியிருக்கிறாள். அதற்குத் தம் இல்லை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட நாலாம் மாதம் நான் மாடிப்படி ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் ஓட்டத்துக்கு அப்புறம் திரும்பவே இல்லை. உங்கள் மகளுக்கு அது நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

800 மீட்டர் ஓடி முடித்துப் படுத்துவிடுவது உலகம் முழுக்க நடப்பது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். ஆனால் ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைப் பெரிதாக்கி, இந்த ஓட்டமே பெண்களுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. 32 வருடம்! அதே தூரத்தை ஓடிவிட்டு ஆண்கள் படுத்தபோது யாரும் தடை கேட்கவில்லை.

உடற்கூறு சொல்வது இது. ஒரே அளவு நுரையீரல் உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், பெண்ணின் காற்றுக்குழாய் சராசரியாகக் குறுகியது. அதனால் வேகமாக ஓடும்போது அதே அளவு காற்றை இழுக்க அவள் மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. ஆனால் கடுமையான பயிற்சிக்குப் பிறகு அளந்து பார்த்தால், பெண்களின் உதரவிதானம் ஆண்களுடையதைவிடக் குறைவாகத்தான் களைக்கிறது. கூடுதல் வேலை, குறைவான களைப்பு. இதற்குப் பெயர் தம் இல்லாததா?

இப்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஓடி முடித்த உடனே மூச்சு வாங்கி, ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே தணிந்துவிட்டால் அது உழைப்பின் மூச்சு, பயப்பட ஒன்றுமில்லை. முடித்து ஐந்து பத்து நிமிடம் கழித்து இருமலும் நெஞ்சு இறுக்கமும் விசில் மாதிரிச் சத்தமும் வந்தால், உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிற வகை இளைப்பாக இருக்கலாம். குளிர்ந்த வறண்ட காற்றில் அது கூடும். மற்ற நேரத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளுக்கும் இது வரும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் தெரிந்துவிடும், நல்ல மருந்து இருக்கிறது, அதோடு ஓடலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால் அது குரல்வளை சம்பந்தப்பட்டது. அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இளைப்பு மருந்து அதற்கு வேலை செய்யாது.

நான்காவது, ரத்தம். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் நிஜமாகவே விழுங்குகிறாளா என்று கேளுங்கள். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம், எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ போதும். களி சாப்பிடுகிற வீடுதானே, இரும்புச்சத்து இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். கேழ்வரகின் இரும்பு முழுதும் உடம்பில் சேராது. முருங்கைக்கீரை, முட்டை, வசதிப்பட்டால் ஈரல் என்று சேர்த்துக் கொடுங்கள்.

ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடவென்று தாறுமாறான துடிப்பு, அல்லது குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் இருந்தால் மட்டும் முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள், அதன் பிறகு ஓட்டம்.

கேள்வி: *கபடியில் ரெய்டு போகிறேன். தம் கூட, கிணற்றில் முங்கு நீச்சல் பழகுகிறோம். முங்குவதற்கு முன் வேகவேகமாக இருபது முப்பது மூச்சு வாங்கினால் ரொம்ப நேரம் உள்ளே இருக்க முடிகிறது. இது மூச்சுத் தசைக்கு நல்லதா?*
(காவேரிப்பட்டணம்)

பதில்: இதை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்களோடு முங்குகிற எல்லோரிடமும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது, இழு’ என்று உடம்பு துடிப்பதற்கு முக்கியக் காரணம் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவது. ஆக்சிஜன் குறைவது அந்த அளவுக்கு உறுத்தாது. மூச்சின் அளவைச் சாதாரணமாக முடிவு செய்வது கரியமில வாயுதான் என்று ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1905-லேயே காட்டினார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆனால் ஆக்சிஜன் அதனால் பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. ஆக, நீங்கள் நீட்டித்தது தம் அல்ல. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். மூச்சு வேண்டும் என்ற துடிப்பு வருவதற்கு முன்னாலேயே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவீர்கள். சத்தம் இருக்காது, கை கால் அடிக்கவும் மாட்டீர்கள். மேலே நிற்கிறவன் ‘நல்லாத் தம் பிடிக்கிறான்’ என்று எண்ணிக்கொண்டிருப்பான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

ரெய்டு 30 விநாடி. அந்த நேரத்தில் பாடிக்கொண்டே பாய வேண்டும், பிடித்தால் திமிற வேண்டும், கோட்டைத் தொட வேண்டும். பாடுவது என்றால் மூச்சைச் சிறுகச் சிறுக வெளியே விடுவது. அதற்கு விலாவும் வயிறும் ஒரே நேரத்தில் பிடித்தும் விட்டும் வேலை செய்ய வேண்டும். அதைத் தரையிலேயே பழகலாம்: 30 விநாடி பாடிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் பாய்ச்சல், ஒரு நிமிடம் நடை, மறுபடி பாய்ச்சல். இப்படி எட்டுத் தடவை. கிணறு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: *ஓடும்போது வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. உதரவிதானச் சுளுக்கா?*
(பாலக்கோடு)

பதில்: அப்படித்தான் முன்பு நினைத்தார்கள். வயிற்றின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய சவ்வு உராய்வதுதான் காரணம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள், முடிவான பதில் இன்னும் வரவில்லை. ஆபத்தில்லாதது, வயது கூடக் கூடக் குறையும். ஓட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இனிப்பான ஜூஸைக் குடித்துவிட்டு ஓட வேண்டாம். பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்தி, கொஞ்சம் முன்னால் குனிந்து மூச்சை முழுதும் விடுங்கள்.

கேள்வி: *தருமபுரியில் ஓடுவதைவிட ஓசூரில் ஓடும்போது மூச்சு அதிகம் வாங்குகிறது. உயரம் காரணமா?*
(ஓசூர்)

பதில்: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். உச்ச வேகத்தில் ஓடும் பந்தய வீரருக்குக் கொஞ்சம் தெரியலாம், நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. விடியற்காலைக் குளிர்காற்றையும் நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் புகையையும்தான் நான் சந்தேகப்படுவேன். ஒரு வாரம் சாலையை விட்டு உள்ளே, ஏழு மணிக்கு மேல் ஓடிப் பாருங்கள்.

கேள்வி: *கொரோனா சமயத்தில் வாங்கிய மூன்று பந்துக் கருவி வீட்டில் கிடக்கிறது. அதை இழுத்துப் பழகினால் மாரத்தானில் மூச்சு வாங்காதா? மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்கிறார்களே?*
(கிருஷ்ணகிரி)

பதில்: மூன்று பந்துக் கருவி அறுவைசிகிச்சை முடிந்தவர்களும் படுக்கையில் இருந்தவர்களும் ஆழமாக மூச்சு இழுக்கப் பழகுவதற்கு. பந்து மேலே ஏறுவதைப் பார்த்து உற்சாகம் வரும், அவ்வளவுதான். ஆரோக்கியமான தசைக்கு அது சுமையே இல்லை, வெறுங்கையைத் தூக்கி இறக்குவது மாதிரி.

மூச்சுத் தசையைப் பலப்படுத்த வேறு கருவி இருக்கிறது. அதில் வால்வை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், போதுமான பலத்தோடு உறிஞ்சினால்தான் திறக்கும். உங்கள் உச்ச உறிஞ்சு பலத்தில் பாதி அளவுக்கு வைத்து, ஒரு வேளைக்கு 30 மூச்சு, தினம் இரண்டு வேளை, நாலு முதல் ஆறு வாரம் என்பது பரவலாகச் சோதிக்கப்பட்ட முறை. தசை நிச்சயம் பலப்படும், மூச்சு வாங்கும் உணர்வும் ஓரளவு குறையும். பல ஆய்வுகளில் ஓடுகிற நேரமும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஆனால் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு பொதுவாக இதனால் கூடுவதில்லை. வாரம் மூன்று நாள்கூட ஒழுங்காக ஓடாதவர் இதற்குக் காசு போட வேண்டாம் என்பேன். ஓட்டமே முதல் மூச்சுப் பயிற்சி.

மூக்கு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். மெதுவாக ஓடும்போது மூக்கு நல்லது, காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும். வேகம் கூடியதும் 100 லிட்டரை மூக்குத் துவாரம் வழியே இழுப்பது மூச்சுத் தசைக்கு வீண் சுமை. வாய் தானாகத் திறக்கும், திறக்கட்டும்.

கேள்வி: *பரிசல் ஓட்டுகிறேன். வயது 47. மலையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் மூச்சு வாங்காது. எதிர்நீரில் கால் மணி நேரம் துடுப்புப் போட்டால் வாங்குகிறது. நெஞ்சில் ஏதாவது குறையா? வலி எதுவும் இல்லை. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்து நன்றாக இருக்கிறது என்றார்.*
(ஒகேனக்கல்)

பதில்: அண்ணா, நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி. ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது மூச்சு கூடுதலாகவே வாங்கும். ஒரு காரணம், கைத் தசை சின்னது, சீக்கிரம் களைக்கும். இன்னொன்று மூச்சுத் தசை சம்பந்தப்பட்டது. நெஞ்சிலும் தோளிலும் விலாப் பக்கத்திலும் இருக்கும் சில தசைகளுக்கு இரட்டை வேலை. கையை இழுக்கவும் அவைதான், வேகமாக மூச்சு வாங்கும்போது விலாவைத் தூக்கவும் அவைதான். மலை ஏறும்போது அவை மூச்சுக்கு உதவி செய்யும். துடுப்புப் போடும்போது துடுப்போடு போய்விடும். அப்போது மிச்சச் சுமை முழுதும் உதரவிதானத்தின் தலையில். அதுவும் பரிசலில் குந்தி உட்கார்ந்து, வயிறு மடிந்திருக்கும் நிலையில், அது கீழே இறங்கவே இடம் குறைவு.

ஓடி முடித்தவர்கள் குனிந்து முட்டியில் கை ஊன்றிக்கொள்வதும் இதனால்தான். கையை ஒரு இடத்தில் ஊன்றிவிட்டால் தோள் அசையாது, அந்தத் தசைகள் விலாவைத் தூக்க வந்துவிடும். குனியாதே, நிமிர்ந்து நில் என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள், தேவையே இல்லை. அது உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி. நீங்களும் கரையில் ஆள் இறக்கும்போது அரை நிமிடம் துடுப்பின் மேல் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து மூச்சு வாங்குங்கள், சீக்கிரம் தணியும்.

துடுப்பை இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், முன்னே கொண்டுபோகும்போது இழுங்கள். எதிர்நீரில் பலர் பல்லைக் கடித்து மூச்சை அடக்கியே நாலைந்து துடுப்புப் போட்டுவிட்டு, அப்புறம் மொத்தமாக வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பலகைக்குக் கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டு இரண்டு விரற்கடை உயர்த்தி உட்கார்ந்தால் வயிற்றுக்கும் இடம் கிடைக்கும். இதையெல்லாம் செய்தும், முன்பு சுலபமாகப் போன தூரத்துக்கே இப்போது வாங்குகிறது என்றால், அல்லது நெஞ்சில் பாரம் தெரிந்தால், ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது என்று விட்டுவிடாமல் மறுபடி போங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. உழைக்கும்போது வருகிற எல்லாவற்றையும் காட்டிவிடாது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்து, தண்ணீர் வரத்தும் குறைந்து, பரிசல் விடுகிற நாளாகப் பார்த்து நான் வருகிறேன். ஒரு நடை உங்கள் பரிசலில் உட்கார்ந்து, துடுப்புக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிவிடுவோம்.